நட்டதல்ல, விட்டது

இனிமேல் யாராவது ‘உங்கள் பெயரில் ஒரு மரம் நட்டிருக்கிறோம்’ என்று எனக்குச் சான்றிதழ் அனுப்பினால், அந்த மரத்தின் இன்றைய படத்தைக் கேட்பதாக இருக்கிறேன். நட்ட அன்றைய படம் வேண்டாம். அதில் எல்லாக் கன்றும் பச்சையாகத்தான் இருக்கும், எல்லா முகமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டு கோடை கழிந்த பிறகு எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள்.

இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு அதிகம் இல்லை. அப்படிப்பட்ட சான்றிதழ்களை அச்சடித்துத் தள்ளும் ஒரு மென்பொருளை, ஒரு வாடிக்கையாளருக்காகக் கட்டிக்கொடுத்த குழுவில் நானும் இருந்தேன். தரவுத்தளத்தில் ‘நட்டவை’ என்று ஒரு கட்டம் வைத்தோம். ‘பிழைத்தவை’ என்ற கட்டத்தை யாரும் கேட்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. முகப்பில் ஓடும் அந்த எண் ஏறலாம். இறங்குவதற்கு நிரலில் வழியே கிடையாது. அப்போது அது எனக்கு உறுத்தவும் இல்லை.

உறுத்தியது 2023 அக்டோபரில். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில், லிஸ்பனில் இருக்கும் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள், பொங்கல் விழாவில் மிஞ்சிய பணத்தில் 200 கார்க் ஓக் கன்றுகள் வாங்கி, போர்த்துகலின் தெற்கே அலென்தேஜு பகுதியில் ஒரு பண்ணையில் நட்டோம். குழந்தைகள் கையில் மண்வெட்டி, பெரியவர்கள் கையில் கைப்பேசி, மதியம் தக்காளிச் சாதம். இரண்டு கோடை கழித்துப் போய்ப் பார்த்தபோது 14 கன்றுகள் உயிரோடு இருந்தன. மீதி இடங்களில் பிளாஸ்டிக் குழாய்கள் மட்டும் சாய்ந்தும் மிதிபட்டும் கிடந்தன. “காலநிலை மாற்றம்தான், வேறென்ன” என்றார் உடன் வந்தவர். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போர்த்துகலின் தெற்கிலும் ஸ்பெயினின் தென்மேற்கிலும் 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் ஒரு விசித்திரமான நிலம் அது. காடு என்றால் காடில்லை, தோப்பு என்றால் தோப்பில்லை, மேய்ச்சல் நிலம் என்றால் அதுவும் முழுதாக இல்லை. புல்வெளியில் இடைவெளி விட்டு விட்டு ஓக் மரங்கள். கீழே ஆடு, மாடு, கறுப்புப் பன்றி. சில இடங்களில் சில ஆண்டுகள் கோதுமை, ஓட்ஸ். போர்த்துகலில் இதற்கு மொன்தாதோ என்று பெயர், ஸ்பெயினில் தெஹேசா. மரங்களில் முக்கியமானவை இரண்டு: மது பாட்டில் மூடிக்கான தக்கையைத் தரும் கார்க் ஓக், இனிப்பான கொட்டை தரும் ஹோம் ஓக். ஓக் மரத்துக்குத் தமிழில் கருவாலி என்று ஒரு பெயர் அகராதியில் இருக்கிறது. நாற்பது வருடத்தில் ஒருவர் வாயிலிருந்தும் அதை நான் கேட்டதில்லை என்பதால் ஓக் என்றே எழுதுகிறேன்.

கார்க் ஓக்கை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். கன்று முளைத்து ஏறக்குறைய 25 ஆண்டில் முதல் உரிப்பு. பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கு முன் உரிக்கச் சட்டம் விடாது. முதல் இரண்டு உரிப்பின் பட்டை பாட்டில் மூடிக்கு உதவாது. நல்ல தக்கை கிடைக்க மரத்துக்கு நாற்பது வயதைத் தாண்ட வேண்டும். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளைச் சாயத்தில் அடிமரத்தில் எழுதிவிடுவார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்த 2016இல் உரித்த மரங்களில் 6 என்று இருந்தது. கடந்த கோடையில் அவற்றை மறுபடி உரித்து 5 என்று எழுதினார்கள். உலகத்தின் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்த்துகலிலிருந்துதான் போகிறது.

இப்போது அந்த நிலத்தில் நின்று மரங்களின் வயதைப் பாருங்கள். முதுகலைப் படிப்பில் மக்கள்தொகைப் பிரமிடு என்று ஒன்றை வரையச் சொல்வார்கள்: கீழே குழந்தைகள், மேலே முதியவர்கள். அலென்தேஜுவில் பல இடங்களில் ஓக்குகளுக்கு அதை வரைந்தால் அடிப்பகுதியே இருக்காது. எண்பது வயது, நூறு வயது, நூற்றைம்பது வயது மரங்கள் நிற்கும். முழங்கால் உயரத்திலோ ஆள் உயரத்திலோ எதுவும் இருக்காது. காரில் கடந்துபோகிறவருக்கு இது தெரியாது. பச்சைக் குடைகள் வரிசையாக நிற்கின்றன, கீழே மாடு படுத்திருக்கிறது, எவ்வளவு அழகு என்று படம் எடுத்துக்கொண்டு போவார். பிள்ளை பிறந்து ஐம்பது ஆண்டாகிவிட்ட ஊர் அது என்பது படத்தில் விழாது.

ஏன் பிறக்கவில்லை? காலநிலை என்ற பதிலை இங்கேதான் நான் ஏற்க மறுக்கிறேன். இந்த வறட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே கன்றுகள் நின்றுவிட்டன.

இந்த மரங்களில் பெரும்பாலானவற்றை யாரும் நடவில்லை. பழைய ஆட்கள் புதர்க்காட்டைத் திருத்தியபோது, தானாக முளைத்து வந்திருந்த நல்ல ஓக் கன்றுகளை வெட்டாமல் விட்டார்கள். விட்டதைக் கவாத்து செய்து வளர்த்தார்கள். மொன்தாதோ என்பது நட்ட தோப்பு இல்லை, விட்ட தோப்பு. ஸ்பானியப் பெயரான தெஹேசாவும் ‘காக்கப்பட்டது’ என்ற பொருள் தரும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். யாரிடமிருந்து காத்தார்கள்? அடுத்தவன் மந்தையிடமிருந்து. பெயரிலேயே வேலி இருக்கிறது.

கொட்டையை நட்டவனும் பெரும்பாலும் மனிதன் இல்லை. ஜே என்று காக்கைக் குடும்பத்தில் ஒரு பறவை உண்டு, இறக்கையோரம் நீலக் கோடுகள் தெரியும். இலையுதிர் காலத்தில் அது ஆயிரக்கணக்கில் ஓக் கொட்டைகளைத் தூக்கிப்போய் ஒவ்வொன்றாக மண்ணில் புதைத்து வைக்கும். தின்ன மறந்தது முளைக்கும். அப்படி முளைத்தது பிழைக்க வேண்டுமானால் முதல் கோடையைத் தாண்ட வேண்டும். ஓக் கொட்டை இலைக்கு முன்பே ஆணிவேரைக் கீழே அனுப்பிவிடும். மழைக்காலம் முடிவதற்குள் அந்த வேர் ஈரத்தைத் தொட்டுவிட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை மேலிருந்து கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. அந்த ஐந்து மாதத்துக்கு ஒரு புதரின் நிழல் விழுந்தால் பிழைக்க வழி உண்டு. முள்ளோ முறுக்கோ உள்ள புதராக இருந்தால் ஆட்டின் வாயும் எட்டாது. எல்லாப் புதரும் தாய் இல்லை. எஷ்தேவா என்ற பிசுபிசுப்பான புதர் அடர்ந்துவிட்டால் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். ஆனால் ரெத்தாமா போன்ற ஒல்லிப் புதர்களின் காலடியில்தான் இன்று நான் பார்க்கும் கன்றுகளில் பாதிக்கு மேல் நிற்கின்றன.

நாங்கள் 200 கன்று நட்டபோது என்ன செய்தோம் தெரியுமா? முதல் வேலையாக அந்த இடத்தைச் சட்டிக் கலப்பை ஓட்டிச் சுத்தம் செய்யச் சொன்னோம். நிழல் தரக் காத்திருந்த புதரை அழித்துவிட்டு, பையில் வேர் சுருண்டுபோன நர்சரிக் கன்றை வெட்டவெளியில் வைத்து, அதற்குப் பிளாஸ்டிக் குழாய் மாட்டினோம். வேலி போடவில்லை. அந்த வயலில் மாடுகள் மேய்ந்தன. குழாய்கள் மாட்டுக்கு முதுகு சொறிய வசதியாக இருந்திருக்கும். 2022 கொடிய வறட்சி ஆண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மிதித்துச் சாய்த்தது வறட்சி இல்லை.

மேய்ச்சல் புதிதா என்று கேட்கலாம். நூற்றாண்டுகளாக அங்கே ஆடு மேய்ந்ததே? மேய்ந்தது, ஆனால் கோடையில் மேயவில்லை. ஸ்பெயினில் 1273இல் அரச ஆணையால் அமைந்து 1836 வரை நீடித்த மெஸ்தா என்ற இடையர் மன்றத்தின் காலத்தில், மெரினோ ஆடுகள் குளிர்காலத்தைத் தெற்கே எஸ்த்ரெமதூராவின் ஓக் நிலங்களில் கழித்துவிட்டு, கோடைக்கு வடக்கே மலைகளுக்கு நடந்தே போய்விடும். புல் காய்ந்து, பச்சையாக இருப்பது ஓக் கன்றின் இலை மட்டும்தான் என்ற நிலை வரும் அந்த மாதங்களில், கடிக்க வாய் இல்லை. இன்றைக்கும் அப்படி ஆடு இடம்பெயரும் நிலங்களில், ஆண்டு முழுவதும் மேயும் நிலங்களைவிட அதிகக் கன்றுகள் இருப்பதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த நடை தேய்ந்தது. 1929இல் போர்த்துகல் சர்வாதிகாரம் தொடங்கிய கோதுமை இயக்கம் அலென்தேஜுவை உழுது தள்ளியது. 1957இலும் 1960இலும் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பன்றி வளர்ப்பை முறித்தது. 1986இல் இரு நாடுகளும் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபின் வந்த மானியங்களில், தாய்ப்பசுவின் தலையை எண்ணிக் கொடுப்பதும் ஒன்று. ஆடு போய் மாடு வந்தது. மாடு கனமானது, பன்னிரண்டு மாதமும் அங்கேயே நிற்கிறது, ஆட்டுக்கு எட்டாத உயரத்தையும் எட்டுகிறது.

அப்படியானால் காலநிலைக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது, நாங்கள் தலையாட்டிய அர்த்தத்தில் இல்லை. இருநூறு ஆண்டு வாழும் மரத்துக்கு ஆண்டுதோறும் பிள்ளை தேவையில்லை. வாழ்நாளில் ஒன்று தேறினால் அதன் இடம் நிரம்பிவிடும். நல்ல கொட்டை விளைச்சல், அடுத்து ஈரமான வசந்தம், கொஞ்சம் மிதமான கோடை என்று இரண்டு மூன்று நல்ல ஆண்டுகள் சேர்ந்து வந்தால் போதும், ஒரு தலைமுறை எழுந்துவிடும். பத்திருபது ஆண்டுக்கு ஒருமுறை அப்படிச் சேர்ந்தாலும் காடு தாங்கும். ஐம்பது ஆண்டுகளாக அந்த நல்ல ஆண்டுகள் வந்தன. வந்தபோதெல்லாம் முளைத்ததை மாடு தின்றது, மிஞ்சியதைச் சட்டிக் கலப்பை புரட்டியது. கையில் பணம் இருந்தபோது வீணடித்தோம். இப்போது மத்தியதரைப் பகுதி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடாகிறது. அலென்தேஜுவின் அமரலேஜா ஊரில் 2003 ஆகஸ்ட் 1 அன்று 47.4 டிகிரி பதிவானது. வசந்த மழை முன்பு போல நம்பக்கூடியதாக இல்லை. நல்ல ஆண்டுகள் அரிதாகின்றன. அதனால் தவறவிடும் ஒவ்வொரு நல்ல ஆண்டுக்கும் இனி விலை கூடுதல். காலநிலை மாற்றத்தை உண்மையாகவே நம்புகிறவர் முதலில் மாட்டை நகர்த்த வேண்டும். நாமோ மாட்டை நிற்கவிட்டு வானத்தைக் கைகாட்டுகிறோம்.

முதிய மரங்களும் சாகத் தொடங்கிவிட்டன. வேரை அழுகவைக்கும் ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர், 1922இல் சுமத்திராவின் இலவங்கப்பட்டை மரங்களில் முதலில் விவரிக்கப்பட்டது. பெயரே அதனால் வந்தது. தண்ணீர் தேங்கி, பிறகு வறண்டு, மீண்டும் தேங்கும் சூடான மண் அதற்குக் கொண்டாட்டம். ஓரிடத்து மண்ணை இன்னோரிடத்துக்குச் சுமந்து போகிற டிராக்டர் சக்கரமும் குளம்பும் அதற்கு வாகனம். ஸ்பெயின்காரர்கள் ‘லா சேக்கா’, காய்ந்துபோதல், என்று சொல்லும் சாவில் அதற்குப் பெரிய பங்குண்டு. ஆக, மேலே உள்ளவர்கள் போகிறார்கள், கீழே ஆள் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2001ஆம் ஆண்டின் 169ஆம் எண் சட்ட ஆணைப்படி, போர்த்துகலில் உங்கள் சொந்த நிலத்தில் நிற்கும் ஒரு கார்க் ஓக்கை வெட்டவும் அனுமதி வேண்டும். இயற்கையாக முளைத்ததை உழவால் அழிப்பதையும்கூட அது தடுக்கிறது. 2011இல் நாடாளுமன்றம் அதை நாட்டின் மரம் என்றும் அறிவித்தது. ஆனால் நூறு வயது மரத்தை வெட்டினால் தடயம் இருக்கும், அதிகாரி வருவார். இரண்டு இலை விட்ட கன்றை மாடு மென்றால் வழக்கு எண் கிடையாது. 2023இல் சீனெஷ் அருகே ஒரு காற்றாலைத் திட்டத்துக்காக 1,800க்கு மேற்பட்ட கார்க் ஓக்குகளை வெட்ட அரசு அனுமதித்தபோது நாடே கொதித்தது. கொதித்தது சரி, நானும் மனுவில் கையெழுத்திட்டேன். அதற்கு அரசுத் தரப்பில் வந்த பதில், வேறோரிடத்தில் ஈடாகக் கன்று நடுவார்கள் என்பது. மறுபடியும் ‘நட்டவை’ கட்டம். ஒரு நூற்றாண்டு மரத்தைக் கழித்து, ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும் என்று நம்பும் மென்பொருளை எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நேராகாது.

அக்வஷ் த மோரா என்ற ஊரில் ஒரு கார்க் ஓக் இருக்கிறது. 1783 முதல் நிற்பதாகச் சொல்கிறார்கள். பறவைகள் நிறைந்து சத்தமிடுவதால் அதற்கு ‘சீட்டியடிப்பவர்’ என்று பெயர். 2018இல் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான மரமாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் குடும்பத்தோடு போய்க் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன். மிகப் பெரிய மரம்தான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுகூட, இதற்கு அடுத்தது எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இங்கே ஒரு குறுக்கீடு. இந்தப் பத்திரிகையின் பக்கங்களில் மரம் என்றால் அடுத்த வரியில் ‘வேர்’ வந்துவிடும், அதற்கடுத்த வரியில் புலம்பெயர்ந்த மனம் வந்துவிடும். பிள்ளையில்லாத ஓக் காட்டை நம் இரண்டாம் தலைமுறையின் தமிழோடு ஒப்பிட்டு யாரோ ஒருவர் கவிதை எழுத இப்போதே பேனா எடுத்திருப்பார். தயவுசெய்து வேண்டாம். இவை மரங்கள். இவற்றுக்குத் தேவை வேலி.

வேலிக்கு எதிரான நியாயங்களையும் கேட்டேன். நாங்கள் கன்று நட்ட பண்ணையின் உரிமையாளருக்கு 74 வயது. இந்த நாட்டில் கணினிக்காரனையும் மரியாதையாக எஞ்சினியர் என்றுதான் அழைப்பார்கள். “எஞ்சினியர் ஐயா, கன்றுக்குட்டி எட்டு மாதத்தில் காசாகும். இந்த ஓக் கன்று காசாகும்போது என் பேரனுக்கு என் வயது. அவன் லக்ஸம்பர்க்கில் பஸ் ஓட்டுகிறான். அவன் திரும்பி வருவான் என்று எழுதிக் கொடுப்பீர்களா?” என்றார். புதரை விடுங்கள் என்றேன். “2017 தீயை டிவியில் பார்த்தீர்களா?” என்றார். பார்த்தேன். அந்த ஆண்டுக் காட்டுத்தீக்களில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். புதரைக் கண்டு இந்த ஊர்க்காரர் அஞ்சுவதை லிஸ்பனில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நான் கேலி செய்ய முடியாது. எல்லா இடத்திலும் புதரை விடு என்று யாரும் சொல்லவில்லை. பத்தில் ஒரு பங்கை மூடு, கன்று மாட்டின் வாய்க்கு மேலே போகும்வரை இருபது ஆண்டாவது மூடு, பிறகு அடுத்த பங்கை மூடு. அந்த இருபது ஆண்டு மேய்ச்சல் நட்டத்தை அவர் ஒருவர் தலையில் கட்டக் கூடாது. பசுத்தலையை எண்ணிப் பணம் தரும் அரசால் மூடிய நிலத்தை அளந்தும் பணம் தர முடியும். மரம் நட நன்கொடை தருகிறவர்களும் அதையே தரலாம்.

இதைத்தான் எங்கள் சங்கக் கூட்டத்தில் வைத்தேன். அடுத்த பொங்கல் மிச்சத்தில் ஒரு கன்றும் வாங்க வேண்டாம், கம்பியும் கல்தூணும் வாங்குவோம், ஐந்து ஏக்கரை மூடுவோம், ஆண்டுக்கு இவ்வளவு என்று அவருக்கு மேய்ச்சல் வாடகை கொடுப்போம். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒரு நண்பர், நல்ல மனிதர், கேட்டார்: “கன்று நட்டால் பிள்ளைகளை வைத்துப் படம் எடுக்கலாம். வேலிக்கு முன்னால் நின்று என்ன படம் எடுப்பது?” தீர்மானம் தோற்றது. அந்த ஆண்டுப் பணத்தில் மறுபடி 150 கன்று நட்டார்கள், வேறு பண்ணையில். நான் போகவில்லை. என் மகள் போனாள். அவள் பெயரில் சான்றிதழ் வந்திருக்கிறது, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். அதைக் கிழிக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

ஐந்து குடும்பங்கள் மட்டும் தனியாகப் பணம் போட்டோம். ஐந்து ஏக்கருக்குப் போதவில்லை, முக்கால் ஏக்கரை மூடினோம். ஒன்றும் நடவில்லை, ஒன்றும் உழவில்லை. கடந்த ஏப்ரலில் மகளும் நானும் உள்ளே குனிந்து தேடினோம். ரெத்தாமாப் புதர்களின் அடியிலும் ஒரு பாறை இடுக்கிலுமாக 31 ஓக் முளைகள். யார் புதைத்தது என்று கேட்டாள். பறவை என்றேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வைத்தாள். அக்டோபரில் போனபோது 12 குச்சிகளுக்குப் பக்கத்தில் இலை இருந்தது. இரண்டில் நுனி கருகியிருந்தது. நோட்டுப் புத்தகத்தில் 31ஐ அடித்துவிட்டு 12 என்று எழுதினாள். வடக்குப் பக்கத்துக் கம்பி தொய்ந்திருக்கிறது. டிசம்பருக்குள் இழுத்துக் கட்டிவிடுவதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.